கீழ்வீட்டு ஏரி

பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடி.
லிஃப்ட் செத்துப்போன கட்டடம்.
கம்பளி மூட்டையைத் தோளில் ஏற்றி
படிக்கொரு முறை ஆட்டை வைதபடி
வந்து சேர்ந்தேன்.

செய்ய நினைத்தது சோன்-கோல் ஏரி.
மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மேய்ச்சல் வெளி நடுவே
வருடத்தில் பாதி உறைந்து கிடக்கும் தண்ணீர்.
புகைப்படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி
மூன்று முறை செய்தேன்.
மூன்று முறையும்
வங்கி நாட்காட்டியின் ஏரிதான் வந்தது.
அத்தனை நீலம். அத்தனை நல்ல பிள்ளை.

நாலாவது முறை
மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு
நாணல் பாயை விரித்தேன்.
சீவிய கம்பளியைப் பிய்த்துப் பிய்த்து
ஓர் அடுக்கு கிழக்கு மேற்காக,
ஓர் அடுக்கு வடக்கு தெற்காக,
மறுபடி கிழக்கு மேற்காக.
தும்மினால் பறந்துவிடும் நிலம்.
ஊசி இல்லை, நூல் இல்லை, தறி இல்லை.
வெந்நீர், சோப்பு, இரண்டு முழங்கை.

இழைக்குச் செதில் உண்டு, மீனுக்குப் போல.
சூடு பட்டால் விரியும்.
தேய்த்தால் பக்கத்து இழையைக் கவ்வும்.
கவ்வியதை அப்புறம் யார் சொன்னாலும் விடாது.
பிணங்கிப் பிணங்கித்தான் துணியாகிறது.

மூன்று சாண் ஏரிக்கு
நாலரைச் சாண் பரப்ப வேண்டும்.
தொலையப்போவதையும் சேர்த்துத்தான் கணக்கு.
பிறகு பாயோடு சுருட்டி, கட்டி,
இருநூறு முறை உருட்டி,
திருப்பி, இன்னும் இருநூறு;
தரையெல்லாம் நுரை.

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது
கதவு இடிபட்டது.
ஜோயா அர்காதியெவ்னா, நாலாம் மாடி.
இருபத்தாறு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர்.
கையில் வாளி. அதுவே போதும்.
பேசவும் செய்தார்:
"உன் ஆடுகள் என் தலையில் மூத்திரம் பெய்கின்றன."

இறங்கிப் போனேன்.
அவர் படுக்கைக்கு நேர் மேலே
சுண்ணாம்புக் கூரையில்
ஏரி.

நடுவில் ஈரச் சாம்பல்.
சுற்றிலும் தேநீர் நிறத்தில் ஒரு வளையம்,
அதற்கு வெளியே இன்னும் வெளிறிய ஒன்று,
அதற்கும் வெளியே, பார்வைக்குத் தப்பும் ஒன்று:
நான் தோற்ற மூன்று நாட்களும்
கரை கட்டி நிற்கின்றன.
தெற்கே ஒரு விரிசல், ஆறாக வெளியேறுகிறது.
விளக்குக் கொக்கி, ஒற்றைக் கூடாரம்.

"வெள்ளை அடித்துவிடாதீர்கள்," என்றேன்.
தண்டவாளமில்லாத ஊரில்
ரயிலுக்கு வழி கேட்டவளைப் போல
என்னைப் பார்த்தார்.
படுக்கையில் மல்லாந்து படுத்து
ரொட்டிக்கடை ரசீதின் பின்புறம் வரைந்துகொண்டேன்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்.
கழற்றினேன்.

நீலம் மூட்டைக்குள் திரும்பிப் போனது.
சாயம் போடாத சாம்பல் ஆடு,
வெங்காயத் தோலில் கொதித்த மஞ்சள்,
ஓரத்துக்குக் கறுப்புத் தேநீரில் ஊறியது.
மறுபடி ஒழுகுகிறதா என்று பார்க்க
அவரும் மாடியேறி வந்திருந்தார்.
சுருளை நான் உருட்டும் அழகைக் கொஞ்ச நேரம் பொறுத்தார்.
"தள்ளு" என்று
காலுறையோடு ஏறி மிதித்தார்.

டிராலிபஸ்ஸில் இடது கால்தான் வேகம்,
வலது கால் நிறுத்தம்.
இருபத்தாறு வருடப் பழக்கம்;
இடது மட்டும் ஓங்கி விழுந்தது.
பிரித்தபோது மேற்குக் கரை கல்லாய் இறுகியிருந்தது,
கிழக்கு தளதளவென்று.
அந்தப் பக்கம் சதுப்பு என்று வைத்துக்கொண்டேன்.
நாட்காட்டியில் இல்லாத சதுப்பு.

வினிகர் நீரில் அலசி, உலர்த்தி,
நாலாம் நாள் கீழே எடுத்துப் போனேன்.
"உங்களுக்குத்தான்."
திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.
"எனக்கு எதற்கு? என்னிடம் ஒன்று இருக்கிறதே."
வெள்ளையடிக்க நாலாயிரம் சோம் கேட்டார்.
எண்ணி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் வந்துவிட்டது.
கூரை இன்னும் அப்படியே.
நான் உருட்டும் நாட்களில்
கட்டிலை மட்டும் சன்னல் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.
வடகரை ஒரு விரற்கடை பெருகியிருக்கிறது.
அது என் தண்ணீர்தானா என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.